எந்தத் தண்ணீருக்கு என்று கேட்டு விற்போம்



போர்வெல் மோட்டார் கேட்டு ஒரு விவசாயி கடைக்கு வந்தால் நாம் என்ன செய்கிறோம்? ஆழம் எத்தனை அடி, தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறது, எத்தனை அங்குலக் குழாய், கரண்ட் சிங்கிள் பேஸா திரீ பேஸா என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் மோட்டாரைக் காட்டுகிறோம். கேட்காமல் விற்றால் ஒரே மாதத்தில் அந்த மோட்டார் டிராக்டரில் ஏறி நம் கடை வாசலுக்கே திரும்பி வரும் என்பது நமக்குத் தெரியும். ஆனால் தூண்டில் ரீல் கேட்டு வரும் இளைஞரிடம் மட்டும் "எவ்வளவுக்குள்ள பார்க்கணும் தம்பி?" என்ற ஒரே கேள்வியோடு நிறுத்திக்கொள்கிறோம். அவர் அதைச் சாத்தனூருக்கு எடுத்துப் போகிறாரா, புதுச்சேரிக் கடற்கரைக்கு எடுத்துப் போகிறாரா என்று நாம் கேட்பதில்லை. அந்தக் கேள்வியை நாம் அனைவரும் கேட்கத் தொடங்க வேண்டும் என்று சொல்வதற்காகவே இதை எழுதுகிறேன்.

கடலே இல்லாத மாவட்டத்தில் கடல் ரீலைப் பற்றி என்ன பேச்சு என்று சில உறுப்பினர்கள் சிரிக்கலாம். ஒரு காலத்தில் நம் ஊர்க் கடைகளில் தூண்டில் என்றால் தூண்டில் முள், தங்கூசி நரம்பு, ஈயக்குண்டு, தக்கை, அவ்வளவுதான். ஏரியும் குளமும் 1958-ல் திறக்கப்பட்ட சாத்தனூர் அணையும்தான் நம் வாடிக்கையாளரின் உலகம். இன்று நிலைமை அப்படி இல்லை. செஞ்சி, திண்டிவனம் வழியாகப் புதுச்சேரி நூறு கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதல். விடியற்காலையில் பைக்கை எடுத்தால் வெயில் ஏறுவதற்குள் கடற்கரை. ஞாயிற்றுக்கிழமை நண்பர்களோடு கடலூர், பரங்கிப்பேட்டை என்று போய் வருகிற பிள்ளைகள் ரீலும் ராடும் நம்மிடம்தான் கேட்கிறார்கள். நம்மிடம் சரியானது கிடைக்கவில்லையென்றால் செல்போனில் பார்த்து வரவழைத்துக்கொள்கிறார்கள். வரவழைப்பதில் தவறு இல்லை. ஆனால் பொருளைக் கையில் எடுத்துச் சுழற்றிப் பார்த்து, நாலு வார்த்தை விசாரித்து வாங்கும் வசதி நம் கடையில் மட்டும்தான் இருக்கிறது. அந்த நாலு வார்த்தையும் நம்மிடம் இல்லையென்றால் பிறகு நம்மிடம் என்ன இருக்கிறது?

ஹார்டுவேர் வியாபாரம் செய்கிறவர்களுக்கு உப்பைப் பற்றிப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. எவர்சில்வர் கைப்பிடிக் கம்பியில் 202 என்ற ரகம் நம் ஊர் மாடிப்படியில் பளபளவென்று இருக்கும். அதையே கடலோர வீட்டில் போட்டால் சில மாதங்களில் தேநீர்க் கறை போலப் பழுப்பு ஏறும். 304 அதைவிடத் தாங்கும். மாலிப்டினம் சேர்ந்த 316 இன்னும் நன்றாகத் தாங்கும். எவர்சில்வர் என்று மொத்தமாகப் பெயர் சொல்லி விற்றாலும் உள்ளே சேர்ந்திருக்கும் உலோகத்தைப் பொறுத்துத்தான் ஆயுள். ரீலும் அப்படியே. கடல் தண்ணீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கிறது. தண்ணீர் காய்ந்த பிறகும் உப்பு உள்ளே தங்கி, காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். வீட்டுக்கு வந்து பெட்டிக்குள் வைத்த பிறகும் அரிப்பு நிற்காது. அலுமினிய உடலில் சாதாரண இரும்புத் திருகு போட்டிருந்தால் நிலைமை இன்னும் மோசம். இரண்டு வேறு உலோகங்கள், நடுவில் உப்புத் தண்ணீர். பேட்டரி வேலை செய்கிற அதே முறையில் அலுமினியம் கரைந்து, திருகைச் சுற்றி வெள்ளைப் பொடி பூக்கும். பிறகு அந்தத் திருகைக் கழற்ற முயன்றால் தலை மட்டும் கையோடு வரும்.

ரீலில் முதலில் போவது எது என்று விற்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். நரம்பு உள்ளே ஏறும் இடத்தில், வளைந்த கம்பியின் ஓரத்தில் சுண்டைக்காய் அளவில் ஒரு சக்கரம் சுழலும். கடல் நீரில் நனைந்த நரம்பு முழுவதும் அதன் மேல்தான் ஓடி வருகிறது. அதற்குள் இருக்கும் பேரிங் துருப்பிடித்து நின்றுவிட்டால் நரம்பு அதே இடத்தில் உராய்ந்து தேயும். பெரிய மீன் மாட்டும்போது அங்கேதான் அறுந்து போகும். வாடிக்கையாளர் நரம்பைக் குறை சொல்லுவார். அடுத்ததாகக் கைப்பிடி பின்னால் சுழலாமல் பிடித்துக்கொள்ளும் பாகம். அதற்கும் பிறகு டிராக் எனப்படும் பிடிமானத் தட்டுகள். மீன் இழுக்கும்போது நரம்பை அளவாக விட்டுக்கொடுப்பது இந்தத் தட்டுகள்தான். விலை குறைந்த ரீலில் இவை கம்பளித் துணியாக இருக்கும். ஈரமும் உப்பும் ஏறினால் ஒரு நேரம் இறுகும், ஒரு நேரம் வழுக்கும். கடலுக்குப் போகிற ரீலில் கார்பன் தட்டுகள் இருக்கின்றனவா என்று பார்த்து வாங்க வேண்டும்.

இனி வகைகள். ரீலில் பெரும் பிரிவு இரண்டு. ஸ்பின்னிங் ரீலில் நரம்பு சுற்றிய உருளை அசையாமல் நிற்கும். வீசும்போது நரம்பு சுருள் சுருளாகக் கழன்று போகும். இங்கிலாந்தில் கம்பளி நூல் தொழிலில் இருந்த ஆல்பிரட் இல்லிங்வொர்த் என்பவர் 1905-ல் இதற்குக் காப்புரிமை பெற்றார். ஆரணிப் பக்கம் தறி பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். நாடாவுக்குள் தார் அசையாமல் இருக்க நூல் மட்டும் கழன்று வருவது போலத்தான். மற்றொன்று டிரம் ரீல். கிணற்று ராட்டினம் போல உருளையே சுழலும். தூரமாக வீசுவதற்கு முதலாவது எளிது. புதியவர் கையிலும் சிக்கல் விழாது. கனமான மீனை ஆழத்திலிருந்து நேராக மேலே தூக்குவதற்கு இரண்டாவது பலம். இந்த ஒரு வேறுபாடு தெரிந்தாலே பாதி வாடிக்கையாளர்களைச் சரியான அலமாரிக்கு அழைத்துப் போய்விடலாம்.

சாத்தனூரிலும் ஏரிகளிலும் கட்லா, ரோகு, ஜிலேபி, விரால் பிடிப்பவருக்கு 2000 முதல் 3000 வரை எண் போட்ட ஸ்பின்னிங் ரீல் போதும். கிராஃபைட் எனப்படும் கரியிழைப் பிளாஸ்டிக் உடல் நன்னீரில் பல வருடம் வரும். இவருக்குக் கடல் ரீலைத் தலையில் கட்டுவதும் தவறுதான். இரண்டு மடங்கு விலை கொடுத்து, ஒன்றரை மடங்கு பாரத்தைத் தூக்கிக்கொண்டு நாள் முழுவதும் கரையில் நிற்பார்.

உப்பங்கழிக்கும் ஆற்று முகத்துவாரத்துக்கும் போகிறவர்களிடம்தான் அதிக ஏமாற்றம் நடக்கிறது. "கடலுக்கு இல்லை அண்ணாச்சி, ஆத்துக்குத்தான்" என்பார். பரங்கிப்பேட்டையில் வெள்ளாறு கடலில் கலக்கும் இடமும் அவருக்கு ஆறுதான். அங்கே தண்ணீரை வாயில் வைத்துப் பார்த்தால் தெரியும். ஆகவே "ஆறா கடலா" என்று கேட்காதீர்கள், "தண்ணீர் உப்பா" என்று கேளுங்கள். அங்கே கொடுவா கிடைக்கும். கொடுவா மாட்டினால் தண்ணீருக்கு மேலே துள்ளித் தலையை உதறும்; அடியில் கட்டைக்கும் வேருக்கும் நடுவே பாயும். 3000 முதல் 4000 எண், அலுமினிய உடல், வழுக்காத டிராக் இருந்தால்தான் நிறுத்த முடியும். கிராஃபைட் உடல் துருப்பிடிக்காது என்பது உண்மை. ஆனால் பாரம் ஏறும்போது லேசாக வளையும். உடல் வளைந்தால் உள்ளே பற்சக்கரங்கள் நேர்கோட்டில் நிற்காது, பல் தேயும். துருப்பிடிக்காது என்ற ஒரு வாக்கியத்தை மட்டும் சொல்லி இதை விற்பது பாதி உண்மையைச் சொல்லி விற்பது.

புதுச்சேரி, கடலூர் மணற்கரையிலும் அலை தடுக்கும் கற்குவியல் மேலும் நின்று வீசுகிறவருக்கு 6000 முதல் 8000 வரை வேண்டும். ஈயக்குண்டைத் தூரமாக எறிய வேண்டும், பாரையோ திருக்கையோ மாட்டினால் ஓடுவதற்கு நரம்பு இருக்க வேண்டும். 200 மீட்டருக்குக் குறைவாகக் கொள்ளும் ரீல் இவருக்குப் பயன்படாது. இங்கே உப்பைவிடப் பெரிய விரோதி மணல். ரீலை மணலில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போகிறவர் எத்தனை ஆயிரம் ரூபாய் கொடுத்து வாங்கினாலும் அதைக் காப்பாற்ற முடியாது. ராடு நட்டு வைக்கும் ஒரு பி.வி.சி. குழாய்த் துண்டைக் கூடவே விற்றுவிடுங்கள். அது நம்மிடம் எப்போதும் இருக்கிற சரக்குதானே!

படகில் போய் அடியில் கிடக்கும் கலவா, சங்கரா பிடிப்பவருக்கு டிரம் ரீல். கைப்பிடி ஒரு சுற்றுக்கு உருளை நாலு சுற்று வருகிற மெதுவான ரகம் போதும், பலம் அதில்தான். ஓடும் படகின் பின்னால் போலி இரையை இழுத்துச் சென்று வஞ்சிரம், சூரை பிடிப்பவருக்கு முழு உலோகச் சட்டமும் நெம்புகோல் டிராக்கும் உள்ள டிரம் ரீல் வேண்டும். வஞ்சிரத்தின் பல் நைலானை வெட்டிவிடும் என்பதால் முள்ளுக்கு முன்னால் ஒரு முழம் கம்பி கட்டாயம். அந்தமானுக்குப் போய் ஆள் உயரப் பாரையோடு மல்லுக்கு நிற்கும் வசதி படைத்தவர்களுக்கான 14000, 20000 எண் ரீல்களை நாம் வாங்கி அடுக்க வேண்டியதில்லை. முன்பணம் வாங்கிக்கொண்டு வரவழைத்துக் கொடுத்தால் போதும். இந்த எண்களெல்லாம் கம்பெனிக்குக் கம்பெனி வேறுபடும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். எண்ணை மட்டும் நம்பாமல், எத்தனை மில்லிமீட்டர் நரம்பு எத்தனை மீட்டர் கொள்ளும் என்று உருளையிலேயே பொறித்திருப்பதைப் பார்த்து விற்பதே நல்லது.

அட்டைப்பெட்டியின் மேல் அச்சடித்திருப்பதைப் பற்றியும் கொஞ்சம் பேச வேண்டும். "13+1 பேரிங்" என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தால் வாடிக்கையாளர் மயங்கிவிடுகிறார். நாமும் அதையே படித்துக் காட்டுகிறோம். பேரிங்குக்கான எஃகு கடினமாக இருக்க வேண்டும் என்பதற்காகக் கரி அதிகம் சேர்க்கிறார்கள். அதனால் எவர்சில்வர் பேரிங் என்றாலும் சமையல் பாத்திரம் போலத் துருவை எதிர்க்காது. மூடி இல்லாத பதின்மூன்று பேரிங் என்றால் துரு ஏறப் பதின்மூன்று இடம் என்றுதான் பொருள். நன்றாக மூடி அடைத்த நாலைந்து பேரிங் உள்ள ரீல் கடலில் அதைவிட நீண்ட நாள் உழைக்கும். அமெரிக்காவில் பிலடெல்பியா நகரில் 1932-ல் தொடங்கிய பென் நிறுவனம் 1936-ல் கொண்டு வந்த செனட்டர் என்ற டிரம் ரீல் தலைமுறை கடந்தும் கடலில் ஓடியது. அதன் ரகசியம் குறைவான பாகங்கள், எளிதில் கழற்றி மாட்டும் அமைப்பு. நம் ஊர்ப் பழைய தையல் இயந்திரங்கள் இன்னும் ஓடுவதற்கும் அதுதானே காரணம்!

அடுத்தது "டிராக் 15 கிலோ" என்ற விளம்பரம். வாடிக்கையாளர் சுற்றப்போவது 8 கிலோ தாங்கும் நரம்பு. டிராக்கை நரம்பின் பலத்தில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்குள் வைக்க வேண்டும் என்பது அனுபவஸ்தர் கணக்கு. 8 கிலோ நரம்புக்கு இரண்டரைக் கிலோ வந்துவிட்டாலே அதிகம். அந்த இரண்டரைக் கிலோவில் சீராக விடுகிறதா என்பதுதான் கேள்வி. இதைச் சோதிக்கக் கடலுக்குப் போக வேண்டாம். கடையிலேயே நரம்பைக் கொக்கித் தராசில் கட்டி இழுத்துப் பார்க்கலாம். முள் திடுக்திடுக்கென்று குதிக்காமல் ஒரே இடத்தில் நின்றால் சரக்கு நல்லது. மொத்த வியாபாரி மாதிரி காட்டும்போது இந்தச் சோதனையைச் செய்து பாருங்கள். அவர் முகத்தையும் பாருங்கள்.

தண்ணீர் புகாது என்பதற்கு ஐ.பி.எக்ஸ். என்று ஒரு குறியீடு சில உயர்ந்த ரீல்களில் வருகிறது. ஐ.பி.எக்ஸ். 5, 6 என்றால் பீய்ச்சும் தண்ணீரைத் தாங்கும் என்று பொருள். அதில் வரும் எக்ஸ், தூசிக்குச் சோதனை செய்யப்படவில்லை என்பதைக் குறிக்கிறது. மணலுக்கு அது எந்த உத்தரவாதமும் அல்ல.

ரீலே வேண்டாம் என்று சொல்ல வேண்டிய வாடிக்கையாளரும் உண்டு. கட்டுமரத்திலும் பைபர் படகிலும் போகிற நம் மீனவர்கள் கட்டையில் சுற்றிய நரம்பை வெறுங்கையால் இழுத்தே வஞ்சிரமும் கலவாவும் கொண்டு வருகிறார்கள். அதில் துருப்பிடிக்க முள்ளைத் தவிர வேறொன்றும் இல்லை. வருடத்துக்கு ஒரு முறை குடும்பத்தோடு போகும்போது பையன் ஆசைப்படுகிறான் என்று வருகிறவருக்குச் சில நூறு ரூபாயில் கைத்தூண்டில் கட்டிக் கொடுங்கள். அன்றைக்குக் கல்லாவில் குறையும், ஆள் திரும்பி வருவார்.

மொத்த வியாபாரிகளிடம் ஒரு வேண்டுகோள். ரீல், ராடு, நரம்பு, போலி இரை எல்லாம் ஒரே பையில் போட்டுப் பெயரில்லாமல் வரும் செட் சரக்கைச் சில்லறைக் கடைகளில் தள்ளிவிடும் வழக்கத்தை விட்டுவிட வேண்டும். 2011-ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகளின்படி இறக்குமதிச் சரக்கின் மேல் இறக்குமதி செய்தவர் பெயர், முகவரி, எந்த நாட்டில் செய்தது, அதிகபட்ச சில்லறை விலை ஆகியவை இருந்தாக வேண்டும். 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இன்னொரு படி மேலே போகிறது. தயாரித்தவர் யாரென்றே தெரியாத ஒரு பொருளின் குறையால் வாங்கியவருக்குத் தீங்கு நேர்ந்தால் விற்றவர் பதில் சொல்ல வேண்டியிருக்கும். பில்லின் அடியில் "விற்ற பொருள் வாபஸ் பெறப்பட மாட்டாது" என்று அச்சடித்து வைத்திருக்கிறோமே, குறையுள்ள பொருளுக்கு அது செல்லாது; பில்லில் குறித்த காலத்துக்குள், காலம் குறிக்காவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற மறுப்பது முறையற்ற வணிகம் என்று அதே சட்டம் சொல்கிறது. பெயரில்லாத சரக்கில் நாலு காசு கூடுதலாக நிற்கலாம். அந்த நாலு காசுக்கு முகம் தெரியாத ஒருவரின் பொறுப்பையெல்லாம் நாம் தலையில் சுமக்கிறோம்.

முதலீட்டுக் கணக்கையும் பார்ப்போம். முப்பதாயிரம் ரூபாயை இதில் போட முடிந்தவர் ஆயிரம் ரூபாய் ரீல் முப்பதை வாங்கித் தொங்கவிட வேண்டாம். ஏரிக்கு ஆறேழு, உப்பங்கழிக்கு இரண்டு, மணற்கரைக்கு இரண்டு, மீதிப் பணத்துக்கு நரம்பு, முள், ஈயம், உதிரிப் பாகம் என்று வைத்தால் பணம் முடங்காது. டிரம் ரீல் ஆர்டரின் பேரில் மட்டும். கடல் ரீல் மாதத்துக்கு ஒன்றுதான் போகும் என்றாலும், அதை வாங்கியவர் வாராவாரம் முள்ளுக்கும் நரம்புக்கும் நம்மிடம் வருவார். லாபம் அதில் இருக்கிறது.

விற்கும்போதே கழுவும் முறையையும் சொல்லி அனுப்ப வேண்டும். கடலிலிருந்து திரும்பியதும் டிராக்கை இறுக்கிவிட்டு, மேலிருந்து நல்ல தண்ணீரை மெல்ல ஊற்ற வேண்டும். பைக் கழுவுகிற பிரஷர் பம்பைக் காட்டினால் உப்பை நாமே உள்ளே தள்ளிவிடுவோம். வாளியில் முக்குவதும் கூடாது. துடைத்து, நிழலில் காய வைத்து, டிராக்கைத் தளர்த்திய பிறகே பெட்டியில் வைக்க வேண்டும். சிறு சக்கரத்துக்கும் கைப்பிடிக்கும் ஒரு சொட்டு எண்ணெய். நம் ஊரில் சில தெருக்களில் போர் தண்ணீரே உப்புக் கரிக்கிறது என்பீர்கள். கடலோடு ஒப்பிட்டால் அது இளநீர். இதையெல்லாம் ஒரு சிறு துண்டுச் சீட்டில் தமிழில் அச்சடித்துப் பெட்டிக்குள் போட்டால் என்ன செலவாகிவிடும்?

கொள்முதலுக்கு இப்போதே திட்டமிடலாம். வடகிழக்குப் பருவமழை ஓயும்வரை கடற்கரைக்கு யாரும் போகமாட்டார்கள். பொங்கலுக்குப் பிறகுதான் கேட்டு வருவார்கள். விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை நம் கரையில் 61 நாள் மீன்பிடித் தடை இருப்பதால் படகுச் சரக்கு அந்த நாட்களில் அசையாது. கரையிலிருந்து வீசுகிறவர்கள் கோடை விடுமுறையில் வருவார்கள். உதிரிப் பாகம்தான் எல்லோருக்கும் தலைவலி. தனிக் கடைக்காரர் ஒருவர் எல்லா அளவு பேரிங்கும் டிராக் தட்டும் வாங்கி வைக்க முடியாது. சங்கத்தில் நாலைந்து பேர் சேர்ந்து ஒரே பெட்டியாக வாங்கி வைத்துக்கொண்டு, எடுத்தவர் கணக்கு எழுதிவிட்டு எடுத்துக்கொள்ளலாம். கடிகாரமோ தையல் இயந்திரமோ பழுது பார்க்கும் ஒருவரிடம் பழைய ரீல் இரண்டைக் கொடுத்துக் கழற்றிப் பழகச் சொல்லலாம். பெட்டியை வைக்க என் கடையில் ஓர் அலமாரித் தட்டு காலியாக இருக்கிறது. சம்மதம் உள்ளவர்கள் அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது தங்களிடம் திரும்பி வந்த ரீல்களையும் கையோடு எடுத்து வாருங்கள். எந்தப் பாகம் அதிகம் போயிருக்கிறது என்று எண்ணிப் பார்த்துவிட்டு ஆர்டர் போடலாம்.